படகு எஞ்சினில் ஆவி வந்தால், அலாரம் அடித்தால்: பின்பக்கக் குழாயிலிருந்து ஆரம்பியுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் டீசல் பட்டறை வைத்திருக்கிறவனுக்குப் படகு எஞ்சினோடு என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே எப்போதாவதுதான், 2021 நவம்பரில் வந்த மாதிரி. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4வது பட்டாலியன் வைத்திருக்கிற ரப்பர் படகுகளை விட்டால், இந்தப் பக்கம் மோட்டார் படகு கண்ணில் படுவதே அபூர்வம். எல்லாவற்றுக்கும் காரணம் என் தங்கை வீட்டுக்காரர். பழவேற்காட்டில் சின்னதாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின், புகையும் குளிரூட்டிய தண்ணீரும் சேர்ந்து பின்பக்கக் குழாய் வழியாக வெளியே வரும் வகை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் ஃபோன். "மச்சான், பின்னாடி குழாயிலேர்ந்து குபுகுபுன்னு ஆவி வருது, பஸ்ஸர் வேற நிக்காம கத்துது." டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். எஞ்சின் சூடானதும் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றினேன், பெல்ட்டை மாற்றினேன், சென்சார் வயரையெல்லாம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், முக்கால் நாள் போச்சு. கடைசியில் பார்த்தால் படகின் அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற ஓட்டையில் ஒரு பால் கவர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் எங்கள் ஊரில் கிணற்று மேட்டில் 5 ஹெச்பி எஞ்சின் ஓட்டுகிற யாரும் முதலில் பார்ப்பது தண்ணீர் வருகிறதா என்பதைத்தான். பம்பு தள்ளும் தண்ணீரில் ஒரு சின்னக் குழாயைப் பிரித்து எஞ்சின் ஜாக்கெட்டுக்குள் விட்டிருப்பார்கள், அது சுற்றிவிட்டு வாய்க்காலில் விழும். எஞ்சினைக் கிளப்பிய கையோடு அந்தத் தண்ணீரில் கை நீட்டிப் பார்ப்பார்கள். விழுகிறதா, வெதுவெதுப்பாக விழுகிறதா, கொதிக்கக் கொதிக்க விழுகிறதா. அவ்வளவுதான் பரிசோதனை. படகு எஞ்சினிலும் பத்தில் எட்டு முறை கதை இதேதான், நான் பார்த்த வரையில். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை தண்ணீர் போகிற வழியிலேயே போகும்.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். இந்த வகை எஞ்சினில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று, ரேடியேட்டரில் இருப்பது போன்ற கூலன்ட், எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று வெளியிலிருந்து, கடலோ ஏரியோ எதுவாக இருந்தாலும், உறிஞ்சி எடுக்கும் தண்ணீர். படகின் அடியில் ஓட்டை, அதன்மேல் ஒரு வால்வு, அப்புறம் குப்பையைப் பிடிக்கும் சல்லடை, அதற்கடுத்து ரப்பர் இம்பெல்லர், அதாவது இறக்கைச் சக்கரம், உள்ள பம்பு. அந்தப் பம்பு தள்ளுகிற தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போய் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும். சில எஞ்சின்களில் போகிற வழியில் கியர் ஆயில் கூலரையும் தொட்டுவிட்டுப் போகும். கடைசியில் எக்ஸாஸ்ட் வளைவில், அதாவது சூடான புகை எஞ்சினை விட்டு வெளியே வருகிற முழங்கைக் குழாயில், புகைக்குள் பீய்ச்சப்படும். தண்ணீரும் புகையும் கலந்து ரப்பர் ஹோஸ் வழியாகப் பின்னால் போய் வெளியே கொட்டும்.

இப்போது புரிந்திருக்கும். வெளித் தண்ணீர் குறைந்தால், வளைவில் பீய்ச்சப்படும் கொஞ்சத் தண்ணீர் புகையின் சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் பெரும்பாலும் ஆவி முதலில் வரும், கூலன்ட் சூடேறி அலாரம் அடிப்பது சில நிமிஷம் கழித்துத்தான். ஆவியைப் பார்த்ததும் "இன்னும் அலாரம் அடிக்கலையே" என்று தைரியமாக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அது ஆவிதானா?

வெள்ளையாக வருவதெல்லாம் ஆவி இல்லை. ஆவி என்றால் குழாயை விட்டு வந்த கொஞ்ச தூரத்திலேயே காற்றில் கரைந்து போய்விடும், டீசல் வாடை அவ்வளவாக இருக்காது. மார்கழிக் காலையில், ஏலகிரி மாதிரிக் குளிர்கிற இடங்களில், எந்தக் கோளாறும் இல்லாமலேயே கொஞ்சம் ஆவி தெரியும், நம் வாயிலிருந்து வருகிற மாதிரி. எஞ்சின் சூடானதும், வெயில் ஏறியதும் போய்விட்டால் விட்டுவிடுங்கள்.

எரியாத டீசலின் வெள்ளைப் புகை வேறு. கரையாமல் தண்ணீர்மேல் படிந்து நிற்கும், கண் எரியும், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுமினுக்கும். அது இன்ஜெக்டர், டைமிங், கம்ப்ரஷன் சமாச்சாரம், இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம், புரொப்பெல்லரில் வலைத் துண்டு சுற்றியிருந்தால்கூடக் கறுப்பாகத் தள்ளும். இன்னொரு வகையைச் சொல்லியாக வேண்டும்: வெள்ளையாக, லேசாக இனிப்பு வாடையோடு, எவ்வளவு நேரம் ஓடினாலும் நிற்காமல் வந்து, கூடவே கூலன்ட்டும் தினம் குறைந்தால், சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

அலாரம் அடித்த அந்த ஒரு நிமிஷத்தில்

எந்த லைட் எரிகிறது என்று பாருங்கள். எல்லா அலாரத்துக்கும் பெரும்பாலும் ஒரே சத்தம்தான், லைட்டுதான் வித்தியாசம் சொல்லும்.

ஆயில் லைட் என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே ஆஃப். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நொடியும் பேரிங்கைத் தின்னும். டெம்பரேச்சர் லைட் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் தாமதமும் கூடாது. ஆக்சிலரேட்டரை முழுக்கக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின்னால் எட்டிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் விழுகிறது என்றால் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் ஓடட்டும், சூடு இறங்குகிறதா பாருங்கள். தண்ணீரே விழவில்லை, வெறும் ஆவியும் புகையும் மட்டும் என்றால் ஆஃப் செய்துவிடுங்கள். படகு போகிற இடத்தைப் பார்த்து, பாறை, பாலத் தூண், வேறு படகு பக்கத்தில் இருந்தால் முதலில் ஒதுங்கி, நங்கூரம் போட்டுவிட்டு அப்புறம் எஞ்சின் மூடியைத் திறங்கள். எஞ்சினைக் காப்பாற்றப் போய்ப் படகை மோதவிடக் கூடாது இல்லையா.

சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய கணம் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். லாரிக்காரர்கள் யாரையாவது கேளுங்கள், கையில் தழும்பு காட்டுவார்கள். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள், எங்கள் ஊர் அக்னி நட்சத்திர வெயில் என்றால் முக்கால் மணிகூட ஆகும். ஆறிய பிறகும் தடித்த துணியைப் போட்டு மெதுவாக, பாதி திருகி, சீறல் நின்ற பிறகே முழுக்கத் திறங்கள். சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், ஹெட் விரிசல் விடும்.

எப்போது வருகிறது என்று கேளுங்கள்

இப்போதெல்லாம் யாராவது ஃபோன் செய்தால் நான் முதலில் கேட்பது இதுதான். "கிளப்பின உடனேவா, கொஞ்ச நேரம் ஓடினப்புறமா, ஸ்பீடு ஏத்தினா மட்டுமா?"

கிளப்பி ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஆவி என்றால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது ஓட்டை அடைத்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் போய்விட்டது. ஐடிலில் நன்றாக இருந்து, வேகம் ஏற்றினால் மட்டும் சூடாகிறது என்றால் எங்கோ பாதி அடைப்பு: ஹீட் எக்ஸ்சேஞ்சர், எக்ஸாஸ்ட் வளைவு, உறிஞ்சும் பக்க ஹோஸ் சப்பிப்போவது, இல்லை படகின் அடி முழுக்கச் சிப்பி ஒட்டி எஞ்சினுக்குச் சுமை ஏறியிருப்பது. நிறுத்திய பிறகு சாவியை மறுபடி திருப்பினால் மட்டும் டெம்பரேச்சர் அலாரம் அடித்துச் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் கோளாறே இல்லை. வேகமாக ஓட்டிவந்து உடனே ஆஃப் செய்தால் தண்ணீர் சுற்றுவது நிற்கும், இரும்பில் இருக்கிற சூடு மட்டும் கூலன்ட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். கரைக்கு வந்ததும் ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

வெளித் தண்ணீர் வழியைத் துருவுவது

வால்வு திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். இரவு மூடிவிட்டுக் காலையில் மறந்து கிளப்புவது எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற வேலை. என் மாப்பிள்ளை, அதான் அந்தத் தங்கை வீட்டுக்காரர், இப்போது வால்வை மூடினால் எஞ்சின் சாவியை எடுத்து அந்த வால்வுப் பிடியிலேயே மாட்டிவிடுகிறார். நல்ல யோசனை, அவருடைய யோசனைதான்.

அடுத்து சல்லடை. வால்வை மூடி, சல்லடை மூடியைத் திறந்து பாருங்கள். ஏரிப் படகு என்றால் ஆகாயத்தாமரை வேர், பாசி, கடலோரம் என்றால் பிளாஸ்டிக்கும் சின்ன இறாலும். கழுவி, மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் இல்லாமல் துடைத்துப் போடுங்கள். இந்த வளையம் சரியாக உட்காராவிட்டால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். நம் கிணற்றுப் பம்பில் சக்ஷன் பைப்பில் ஏர் பிடித்தால் என்ன ஆகுமோ அதேதான். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது அங்கே தண்ணீர் சொட்டாது, உள்ளே காற்றுதான் போகும். அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், நுரை உள்ளே இழுக்கப்பட்டால் அங்கேதான்.

சல்லடை சுத்தம், ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால், சல்லடை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். சல்லடை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் குபுக்கென்று மேலே வர வேண்டும், வந்ததும் மூடிவிடுங்கள். வராவிட்டால் அடைப்பு அதற்கும் முன்னால், படகின் அடியில். நான் சொன்ன பால் கவர் அங்கேதான் இருந்தது. நியூட்ரலில், எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் இறங்கித் தடவிப் பார்க்கலாம். இறங்க முடியாத இடம் என்றால் ஹோஸைக் கழற்றி, காற்றடிக்கும் கைப்பம்பால் வெளிப்பக்கமாக ஊதுங்கள்.

ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள். பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே உரிந்து தொங்கும். வேகம் ஏற்றி உறிஞ்சும்போது அந்த உரிந்த தோல் வழியை அடைத்துவிடும், ஐடிலில் மறுபடி திறந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். நான் ஒருமுறை இதில் இரண்டு நாள் தோற்றேன்.

இம்பெல்லர்

இதுதான் எல்லோரையும் படுத்துகிற பாகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரப்பர் இறக்கைகள் உள்ள சின்னச் சக்கரம். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி. தண்ணீர் இல்லாமல் வறட்சியாகச் சுற்றினால் ஒரு நிமிஷத்துக்குள்கூட இறக்கை கருகிப் பிய்ந்துவிடும். வால்வு மூடியபடி கிளப்பியவர்கள் வால்வைத் திறந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று போகக் கூடாது, இம்பெல்லரையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.

வால்வை மூடுங்கள். பம்பின் முன்பக்கத் தட்டில் நாலு முதல் ஆறு ஸ்க்ரூ இருக்கும், கழற்றும்போது கீழே ஒரு துணியை விரித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்க்ரூ எஞ்சினுக்கு அடியில் போய்விடும். போய்விடும் என்றால் போய்விடும், அது விதி. தட்டைக் கழற்றியதும் இம்பெல்லரை இரண்டு பக்கமும் சமமாக, மூக்கு நீண்ட பிளையரால் மெதுவாக இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பம்பு உடம்பில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் நழுவும்.

இறக்கை எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அது தண்ணீரோடு போய் பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முன்வாயில் உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டும் மறுபடி ஆவி வருகிறது என்று திரும்பி வருகிற எஞ்சின்களில் பாதி இந்தத் துண்டைத் தேடாமல் விட்டவைதான். முழுசாக இருந்தாலும் இறக்கையின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் வளைந்து நிமிராமல் நின்றால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

புதிதைப் போடும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்பு நீரோ தடவுங்கள், மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் கிடைக்கும். சாதாரண கிரீஸ் சில ரப்பரை ஊதவைத்துவிடும். சுற்றும் திசையைப் பார்த்து, இறக்கைகள் அதற்கு எதிர்ப்பக்கம் மடிகிற மாதிரி திருகியபடி உள்ளே தள்ளுங்கள். தட்டின் உள்பக்கம் வட்டமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கிற தட்டு என்றால் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

கேஸ்கெட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நானே ஒருமுறை அவசரத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் பாதிதான் வந்தது. அட்டை தடிமன் அதிகம், தட்டுக்கும் இம்பெல்லருக்கும் நடுவே சந்து விழுந்துவிட்டது, உறிஞ்சும் பலம் போய்விட்டது. மெல்லிய சரியான கேஸ்கெட்டை வாங்கி வையுங்கள், இல்லை கம்பெனி ரப்பர் வளையம் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள்.

இம்பெல்லரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் தள்ளவில்லை என்றால், பம்புத் தண்டில் செருகியிருக்கும் சாவியோ (எஞ்சின் சாவி இல்லை, சின்ன உலோகத் துண்டு) பெல்ட்டோ போயிருக்கலாம். தட்டைக் கழற்றி வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டரை லேசாகத் தட்டச் சொல்லுங்கள், விரலை தூரமாக வைத்துக்கொண்டு இம்பெல்லர் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரும் எக்ஸாஸ்ட் வளைவும்

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரில் இருக்கிற உப்பு படிந்து கட்டுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைத் தினம் பார்க்கிறோம். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குழாய்களிலும் அப்படித்தான் படியும். இரண்டு முனை மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் தெரியாத குழாய் அடைத்த குழாய். மூங்கில் குச்சியோ மரக்கம்பியோ விட்டுத் தள்ளுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். படிவு விடாப்பிடியாக இருந்தால் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள், அது படிவோடு சேர்த்து உலோகத்தையும் கரைக்கும். அரிப்பைத் தடுக்க வைத்திருக்கும் ஜிங்க் துண்டையும் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், உடைந்த துண்டுகள் உள்ளே கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வளைவு இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே கரியும் உப்பும் துருவும் ஒன்றாகச் சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் கொஞ்சமாக வருகிறது, எஞ்சின் வேகம் முழுசாக ஏறவில்லை, கூடவே கறுப்புப் புகை என்றால் வளைவைக் கழற்றுங்கள். உள்ளே விரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சுரண்டிச் சரி செய்யலாம், ஆனால் சுவர் மெலிந்திருந்தால் புதிது போடுங்கள். உள்பக்கமாக ஓட்டை விழுந்து தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் எஞ்சினே போய்விடும்.

கூலன்ட் பக்கம்

வெளித் தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டுகிறது, இருந்தும் டெம்பரேச்சர் அலாரம் என்றால்தான் இந்தப் பக்கம் வர வேண்டும், நான் முதல் நாள் செய்த மாதிரி இங்கேயே ஆரம்பிக்கக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவு, பெல்ட் இறுக்கம், அப்புறம் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றிப் பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். அதன்மேலேயே எத்தனை டிகிரியில் திறக்கும் என்று பொறித்திருக்கும், 70, 80 என்று. அந்தச் சூட்டை ஒட்டித் திறக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். மனைவியின் ரசச் சொம்பில் வைக்காதீர்கள் என்பது என் சொந்த அனுபவம்.

கூலன்ட் சூட்டைக் காட்டும் மீட்டரை முழுக்க நம்பாதீர்கள். கூலன்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், எஞ்சின் தகதகவென்று எரிந்தாலும் முள் நிதானமாகவே நிற்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்கு மேல் எஞ்சினைக் கிளப்பாதீர்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

அலாரம் பொய் சொல்கிறதா என்று பார்ப்பது

சாவியைத் திருப்பியதும், கிளப்புவதற்கு முன், ஆயில் லைட்டும் பஸ்ஸரும் வரத்தான் வேண்டும், அப்போது பிரஷர் இல்லை அல்லவா. வராவிட்டால்தான் கோளாறு. கிளப்பிய சில நொடிகளில் நிற்க வேண்டும்.

பெரும்பாலான பழைய எஞ்சின்களில் டெம்பரேச்சர் சுவிட்சில் ஒரே ஒரு வயர்தான், சூடானதும் அது எர்த் ஆகும், அலாரம் அடிக்கும். அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் வயர் எங்கோ உரிந்து எஞ்சின் உடம்பில் படுகிறது. நின்றுவிட்டால் சுவிட்சு கெட்டிருக்கலாம், நிஜமாகவே சூடும் இருக்கலாம், எது என்று தெர்மாமீட்டர் வைத்தே முடிவு செய்யுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். ஆயில் சுவிட்சிலும் இதே சோதனைதான், ஆனால் டிப் ஸ்டிக்கில் அளவு பார்க்காமல், தனி மீட்டர் மாட்டிப் பிரஷர் பார்க்காமல் "சுவிட்சுதான் போயிருக்கும்" என்று சொல்கிற ஆளிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள். சூடான பிறகு ஐடிலில் மட்டும் ஆயில் லைட் மினுக்கினால் ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம்.

ஏரியில் ஓடும் அவுட்போர்டு மோட்டார்

பின்னால் மாட்டும் மோட்டாரில் ஒரு மெல்லிய நீர்த்தாரை பக்கவாட்டில் பீய்ச்சும். அதுதான் அதன் நாடி. அது நின்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். அந்தத் துளையில் மட்டும் அடைப்பு என்றால் தூண்டில் நரம்பை விட்டுக் குத்தினால் சரியாகும். இல்லையென்றால் கீழே உறிஞ்சும் சல்லடையில் பாசியோ, அதன் இம்பெல்லரோ. வெள்ளத் தண்ணீரில், மணல் கலந்த ஆற்றில் ஓடிய மோட்டார் என்றால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, இம்பெல்லரைத் திறந்து பார்த்துவிடுங்கள். மணல் அதை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்திருக்கும். அலாரம் தொடர்ந்து அடிப்பதற்கும் விட்டுவிட்டு அடிப்பதற்கும் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதற்கு மட்டும் புத்தகத்தைப் பாருங்கள். வேகம் தானாகக் குறைந்து ஏற மறுத்தால் பெரும்பாலும் மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, மல்லுக்கட்டாதீர்கள்.

சரி செய்த பிறகு

தண்ணீர் இல்லாமல் சூடாக ஓடிய எஞ்சின் என்றால் எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸ் முழுக்க அமுக்கிப் பாருங்கள். உள்பக்கம் வெந்து உரிந்திருக்கலாம், பிளாஸ்டிக் சைலன்சர் என்றால் உருகி வளைந்திருக்கலாம். அதில் ஒரு கசிவு போதும், புகை படகுக்குள் நிரம்பும். கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாதது, மூடிய கேபினில் ஆளைத் தூக்கத்திலேயே கொல்லும். சந்தேகம் என்றால் ஹோஸை மாற்றிவிடுங்கள், விலை பார்க்க வேண்டாம்.

எஞ்சின் பிடிக்காமல் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டி வந்தால் வால்வை மூடிக்கொண்டு அடியுங்கள். மூடாவிட்டால் பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே தள்ளப் புகை இருக்காது, சைலன்சர் நிரம்பி தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். பிடித்த உடனே, அந்த நொடியே, திறந்துவிடுங்கள். என் பட்டறையில் இந்த எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும்போதும் குழாய்த் தண்ணீரை நேரடியாக மாட்டுவதில்லை, 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி உறிஞ்சும் ஹோஸை அதில் போடுவேன். குழாயின் அழுத்தம் நின்ற எஞ்சினிலும் தண்ணீரைத் தள்ளிவிடும்.

கடைசியாக வாளி. எல்லாம் நன்றாக இருக்கிற ஒரு நாளில், படகைக் கரையில் கட்டி, எஞ்சின் சூடானதும், ஐடிலிலும் அப்புறம் ஒரு நிர்ணயித்த வேகத்திலும் பின்பக்கக் குழாய்க்கு அடியில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நிரம்ப எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். மாப்பிள்ளை அந்த இரண்டு எண்ணையும் எஞ்சின் மூடியின் உள்பக்கம் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் தேதியும். மாசம் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். போன தை மாசம் வழக்கத்தைவிட நாலு நொடி கூடுதலாக ஆயிற்று என்று ஃபோன் செய்தார். ஆவியும் இல்லை, அலாரமும் இல்லை. "இம்பெல்லரைத் திறந்து பாருங்க மாப்ளே" என்றேன். இரண்டு இறக்கையில் வெடிப்பு. இந்த முறை நான் ரயிலேற வேண்டியிருக்கவில்லை.